ஜெர்மானியப் பேரரசின் சோதனை நாணயங்கள்: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

25 ஃபென்னிக், ஆண்டு 1908 என்று பொறித்த ஒரு ஜெர்மன் நாணயம் விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். அது எந்தக் கடையின் கல்லாவிலும் புழங்குவதற்காக அடிக்கப்பட்டதல்ல என்று ஆண்டைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். ஜெர்மனியில் 25 ஃபென்னிக் புழக்க நாணயம் 1909 முதல் 1912 வரை மட்டுமே அடிக்கப்பட்டது. 1908இல் அதற்கான சட்டம் வந்திருந்தது. அதன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. கழுகு எங்கே, எண் எவ்வளவு பெரிதாக, சுற்றிலும் என்ன அலங்காரம் என்று பல வடிவங்களை அடித்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதற்காக அடித்தவைதான் சோதனை நாணயங்கள். ஜெர்மானியர் இதைப் 'புரோபே' என்பார்கள்; 'சோதனை' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளும்.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'புரூஃப்' வேறு, 'புரோபே' வேறு. புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டில், சேகரிப்பாளர்களுக்காகக் கவனமாக அடித்த நாணயம். அதன் வடிவம் புழக்க நாணயத்தின் வடிவமேதான், பளபளப்புத்தான் வித்தியாசம். புரோபே என்பது ஏற்கப்படாத அல்லது இன்னும் ஏற்கப்படாதிருந்த ஒன்றின் மாதிரி. இணைய விற்பனைப் பக்கங்களில் இந்த இரண்டு சொற்களும் இடம் மாறிக் கிடக்கும். சாதாரண புரூஃப் நாணயத்துக்குச் சோதனை நாணயத்தின் விலையைக் கொடுத்து ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

இதற்கு அடித்தளமான நாணய முறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளலாம். 1871 ஜனவரியில் பேரரசு உருவானது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதிச் சட்டம் 10, 20 மார்க் தங்க நாணயங்களைக் கொண்டுவந்தது. 1873 ஜூலை 9ஆம் தேதிச் சட்டம் மற்ற நாணயங்களை வரையறுத்தது. 1 மார்க்குக்கு 100 ஃபென்னிக். 2 மார்க்கும் அதற்கு மேற்பட்டவையும் ஒரு பக்கத்தில் பேரரசில் அடங்கிய அந்தந்த நாட்டு மன்னரின் தலையை (சுதந்திர நகரங்களானால் நகரச் சின்னத்தை) தாங்கின. மறுபக்கத்தில் பேரரசின் கழுகு. 1 மார்க்கும் அதற்குக் கீழ்ப்பட்ட சில்லறைகளும் பேரரசு முழுதும் ஒரே வடிவம். கழுகும் இரண்டு வகை: 1889 வரை சிறிய கழுகு, அதன் பிறகு பெரிய கழுகு. வடிவம் மாறும் இப்படிப்பட்ட தறுவாயில்தான் சோதனைகள் நடக்கும். 1873ஐ ஒட்டி, கழுகு மாறிய 1889–90 காலத்தில், 1908இல், போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டின்போது 1915–18இல் என்று சோதனை நாணயங்கள் கொத்துக் கொத்தாக வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சோதனை நாணயம் எதைச் சோதித்தது என்று கேட்டுப் பழகுங்கள். புதிய ஓவியத்தையா? அப்படியானால் அது வடிவச் சோதனை. ஏற்கெனவே முடிவான வடிவத்தை வேறு உலோகத்திலா? அது உலோகச் சோதனை. தங்க 20 மார்க்கின் அச்சைச் செம்புத் தகட்டில் இறக்கிப் பார்த்திருந்தால், அதை 'அப்ஷ்லாக்' என்பார்கள், அதாவது மாற்று உலோகத்தில் எடுத்த படி. அச்சு செதுக்கும்போதே வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க, ஈயத்திலோ வெள்ளீயத்திலோ ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தி எடுத்த படிகளும் உண்டு. மறுபக்கம் வெறுமையாக இருக்கும். இவை அழகில் சுமார்தான். ஆனால் செதுக்குபவரின் கைக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது இவைதான் என்பதால், தேர்ந்த சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுவார்கள்.

நான்காவது ஒரு வகை இருக்கிறது, புதியவர்கள் தடுமாறுவதும் இதில்தான்: நாணயச்சாலை கேட்காமலே கலைஞர்கள் தாமாகச் செய்தவை. மியூனிக்கில் வாழ்ந்த பதக்கக் கலைஞர் கார்ல் கெட்ஸ் (1875–1950) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1915இல் லூசிடானியா கப்பல் மூழ்கியதைப் பற்றிய கேலிப் பதக்கத்தால் உலகெங்கும் பெயர் தெரிந்தவர். அவர் மார்க் நாணயங்களுக்கும் தன் வடிவங்களைச் செய்தார். பவேரியாவின் மூன்றாம் லூட்விக் 1913 நவம்பரில் மன்னரானார். அவருடைய புழக்க நாணயங்கள் எல்லாமே 1914 என்ற ஆண்டு தாங்கியவை. ஆனால் 1913 என்று பொறித்த லூட்விக் நாணயங்களும் உண்டு. அவை கெட்ஸ் செய்த தனியார் மாதிரிகள். இவற்றைப் போலி என்று ஒதுக்குவது தவறு, அவை அக்காலத்துக் கலைஞரின் உண்மையான வேலை. அரசாங்கச் சோதனை நாணயம் என்று சொல்லி விற்பதும் தவறு. பட்டியலில் 'தனியார் மாதிரி' என்ற குறிப்பு இருந்தால் விலையை அதற்கேற்ப மதிப்பிட வேண்டும்.

அரிய நாணயம் எல்லாம் சோதனை நாணயமல்ல. சாக்ஸனியின் 1917ஆம் ஆண்டு 3 மார்க், மதச் சீர்திருத்தத்தின் 400ஆம் ஆண்டு நினைவாக முல்டன்ஹூட்டன் ஆலையில் அடித்தது, 100 நாணயங்கள்தான். பேரரசுக் கால நாணயங்களில் மிகப் புகழ்பெற்ற அரிய நாணயம் அது. ஆனாலும் அது முறைப்படி வெளியிட அடித்த நாணயம், சோதனை அல்ல.

கையில் உள்ளது சோதனை நாணயமா?

இந்தக் கேள்விக்கு ஒரே வழிதான்: அதற்கு இணையான புழக்க நாணயத்தோடு ஒப்பிடுவது. புழக்க நாணயத்தைத் தெரியாதவருக்குச் சோதனை நாணயத்தின் வித்தியாசம் கண்ணில் படாது. ஆகையால் பணத்தை முதலில் 25 ஃபென்னிக், 10 ஃபென்னிக், அரை மார்க், 1 மார்க் ஆகிய சாதாரண நாணயங்களில் வகைக்கொன்று வாங்கச் செலவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு சோதனை நாணயத்தின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது. எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

முதல் சோதனை ஆண்டு. அந்த மதிப்பு அந்த ஆண்டில் புழக்கத்துக்கு அடிக்கப்பட்டதா? செப்பு-நிக்கல் 20 ஃபென்னிக் 1887, 1888, 1890, 1892 ஆண்டுகளுக்கு மட்டும் உண்டு. 1886 என்றிருந்தால் கவனிக்க வேண்டும். 3 மார்க் 1908க்கு முன் கிடையாது.

இரண்டாவது ஆலைக்குறி, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து. பெர்லின் 'ஏ', மியூனிக் 'டி', ஸ்டுட்கார்ட் 'எஃப்', கார்ல்ஸ்ரூ 'ஜி'. இவை கடைசிவரை இருந்தன. ஹம்பர்க் 'ஜே' 1875இல் சேர்ந்தது. 'இ' 1887 வரை டிரெஸ்டன், அதன் பிறகு முல்டன்ஹூட்டன். ஹனோவரின் 'பி' 1878க்குப் பிறகு இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டின் 'சி', டார்ம்ஸ்டாட்டின் 'எச்' ஆகியவையும் 1880களின் தொடக்கத்துக்குள் மறைந்துவிட்டன. 1890ஆம் ஆண்டுப் பெரிய கழுகுக்குக் கீழே 'சி' இருந்தால் அது சோதனையும் அல்ல, வெறும் கற்பனை நாணயம். சோதனைகளில் ஆலைக்குறியே இல்லாதவையும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாவது எடை, விட்டம், விளிம்பு. வெள்ளி நாணயங்கள் 900 தரம் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி), 1 மார்க்குக்கு 5.556 கிராம் என்ற கணக்கு: 2 மார்க் 11.11, 3 மார்க் 16.67, 5 மார்க் 27.78 கிராம். விட்டம் முறையே 28, 33, 38 மி.மீ. தங்க 20 மார்க் 7.965 கிராம், 22.5 மி.மீ. விளிம்பில் 3, 5, 20 மார்க் நாணயங்களுக்கு 'கோட் மிட் உன்ஸ்', அதாவது 'கடவுள் எம்மோடு' என்ற எழுத்துகள். 1, 2 மார்க்குக்கு வரிவிளிம்பு. நாணயத்தை அடிப்பதற்கு முன்பே தகட்டின் விளிம்பில் எழுத்தை உருட்டிவிடுவார்கள். அதனால் ஒரு நாணயத்தில் எழுத்து நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் இருப்பது இயல்பு. அதைப் 'பிழை அச்சு' என்று கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம். வழுவழு விளிம்பு கொண்ட 5 மார்க் சோதனையாக இருக்கலாம்; எழுத்தை அரம் போட்டு அழித்த புழக்க நாணயமாகவும் இருக்கலாம். விட்டம் 38க்குக் கீழேயும் எடை 27.78க்குக் கீழேயும் போயிருந்தால் அரத்தின் வேலை. அணிகலனில் பதித்துப் பிறகு கழற்றிய நாணயத்துக்கும் விளிம்பு இப்படித் தேய்ந்திருக்கும்.

இப்போது அந்த 1908 நாணயத்துக்கே வருவோம். புழக்க 25 ஃபென்னிக் தூய நிக்கல், 23 மி.மீ., 4 கிராம். தூய நிக்கலைக் காந்தம் இழுக்கும். செப்பு-நிக்கல் கலவையை இழுக்காது, செம்பையும் இழுக்காது. சிறு நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டி நாணயத்தின் அருகே கொண்டுபோனால் உடனே தெரியும். ஆனால் எஃகையும் காந்தம் இழுக்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகுப் போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அடுத்து நீரில் எடை பார்க்க வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளை நீரை வைத்துச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது நாணயம் இடம்பெயர்த்த நீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. 4.00 கிராம் நிக்கலுக்கு 0.45 காட்டும், விடை 8.9. அதே எடை எஃகானால் 0.51 காட்டும், விடை 7.8 அளவில். வித்தியாசம் 0.06 கிராம்தான் என்பதால் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும், 0.001 கிராம் காட்டும் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து காட்டும். நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. செம்பு, நிக்கல், செப்பு-நிக்கல் மூன்றுக்கும் ஒப்படர்த்தி 8.9 அருகிலேயே இருப்பதால் இவற்றுக்குள் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே நிறமும் காந்தமும்தான் கைகொடுக்கும். மற்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும்: 900 தர வெள்ளி 10.3, 900 தரத் தங்கம் 17.2 அளவில், நாகம் (துத்தநாகம்) 7.1, அலுமினியம் 2.7. தங்க 20 மார்க் பருமனில் ஒரு செம்புப் படி சுமார் 4.1 கிராம்தான் இருக்கும். அதற்குத் தங்க முலாம் பூசி விற்றாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். இரும்பு, நாகம் நாணயங்களை மட்டும் நீரில் இறக்காதீர்கள்.

உலோகம் சரி என்றானதும் 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் ஆண்டைப் பாருங்கள். புழக்கத்தில் வந்த 1909இன் கடைசி 9ஐச் சுரண்டி 8 ஆக்கியிருந்தால், அந்த இலக்கத்தைச் சுற்றிய தளத்தில் மெல்லிய கீறல்கள் இருக்கும், இலக்கத்தின் தடிமனும் பக்கத்து 0, 9 ஆகியவற்றோடு ஒத்துவராது. ஆண்டைத் தவிர மற்ற எல்லாமே புழக்க நாணயத்தோடு அப்படியே பொருந்தினால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். வார்ப்புப் போலியானால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடும் அல்லது அதைத் தேய்த்த தடம் இருக்கும்.

போர்க்கால உலோகங்கள்

முதல் உலகப் போரில் செம்பும் நிக்கலும் ஆயுத உற்பத்திக்குப் போயின. 1915இல் இரும்பு 5 ஃபென்னிக், 1916இல் இரும்பு 10 ஃபென்னிக்கும் அலுமினிய 1 ஃபென்னிக்கும், 1917இல் நாக 10 ஃபென்னிக் வந்தன. ஆகவே இரும்பு நாணயம் என்பதாலேயே அது சோதனை ஆகாது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரும்பு 10 ஃபென்னிக்கில் ஓரத்தில் முத்துவளையமும் ஆலைக்குறியும் உண்டு. நாக 10 ஃபென்னிக்கில் இரண்டும் இல்லை. முத்துவளையமும் ஆலைக்குறியும் கொண்ட ஒரு நாணயத்தைக் காந்தம் இழுக்கவில்லை என்றால், இரும்புக்குரிய அச்சு நாகத் தகட்டில் இறங்கியிருக்கிறது. அது அரிது, விலையும் அதிகம். ஆனால் திட்டமிட்டுச் செய்த சோதனையா, தகடு மாறி விழுந்த பிழையா என்பது வேறு கேள்வி. விற்பவர் 'உலோகச் சோதனை' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. உலோகச் சோதனை என்று ஏற்க வேண்டுமானால் பட்டியலில் அது அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது பழைய ஏலங்களில் அதே அச்சில் வேறு நாணயங்கள் வந்திருக்க வேண்டும்.

பட்டியலும் ஏலமும்

ஜெர்மன் நாணயங்களை யேகர் எண்ணால் குறிப்பது வழக்கம். கர்ட் யேகர் தொகுத்த பட்டியலில் 25 ஃபென்னிக்கின் எண் 18, பெரிய கழுகு 1 மார்க்கின் எண் 17. சோதனை நாணயங்களுக்குப் பீட்டர் ஷாஃப் தொகுத்த பட்டியல்தான் அடிப்படை நூல். அவர் யேகர் எண்ணையே முதலில் வைத்து, அதன்பின் எழுத்தும் வரிசை எண்ணும் சேர்க்கிறார். ஆகவே ஷாஃப் எண் 18 என்று தொடங்கினால் அது 25 ஃபென்னிக்கின் சோதனை என்று பார்த்ததுமே புரிந்துவிடும். விற்பனைக் குறிப்பில் ஷாஃப் எண் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாத உண்மையான சோதனையும் இருக்கலாம்தான். ஆனால் முதல் நாணயமாக அப்படி ஒன்றை வாங்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் வேண்டும். பெர்லினில் போடே அருங்காட்சியகத்தில் உள்ள நாணயக்கூடம் தன் சேகரிப்பின் படங்களை எடை, விட்டத்தோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரிய ஜெர்மன் ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பதிவுகளும் திறந்தே கிடக்கின்றன. ஒரே வகை நாணயம் மூன்று நான்கு முறை விற்றிருந்தால் அந்த விலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 25 ஃபென்னிக் சோதனைகள் பல வடிவங்களில் வந்திருப்பதால் ஒப்பீட்டளவில் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம்.

ஏலக் குறிப்பில் சில ஜெர்மன் சொற்களைத் தெரிந்திருந்தால் பணம் மிச்சமாகும். 'ஹெங்கெல்ஷ்பூர்' என்றால் பதக்கமாக அணிய வளையம் வைத்த தடம். 'ராண்ட்ஃபேலர்' விளிம்புச் சேதம். 'ஐன்ஸைட்டிக்' ஒரு பக்கம் மட்டும் அடித்தது. 'நாஹ்ப்ரேகுங்' என்பது பிற்காலத்தில் மறுபடி அடித்தது. இந்தச் சொல் இருந்தால் விலை பல மடங்கு குறைய வேண்டும். சுத்தியல் விழுந்த தொகை இறுதி விலை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதம். 800 யூரோவுக்கு எடுத்தால் 25 சதவீதக் கட்டணத்தோடு 1,000 யூரோ. பிறகு அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கவரி.

இந்தியாவில் இருந்து சேகரிப்பவர்கள் சட்டம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது, தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கிறது. பேரரசுக் கால நாணயங்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. வாங்கிய பிறகு தரச்சான்றுக்காகவோ மறுவிற்பனைக்காகவோ வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். சான்றிட்டு உறையிட்ட நாணயம் வேண்டுமென்றால் அங்கேயே சான்று பெற்றதை வாங்குங்கள். ஏலச் சீட்டு, சுங்க ரசீது, நாணயத்தின் படம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

வைத்துக் காப்பது

சோதனை நாணயத்தை எந்தக் காரணத்துக்காகவும் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, வெள்ளி மெருகு எண்ணெய் எதுவும் கூடாது. அடித்தபோது இருந்த மேற்பரப்புதான் அதன் மதிப்பில் பாதி. நெகிழ்ந்து மணம் வீசும் பி.வி.சி. உறைகளில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் படியும். அப்படிப் படிந்துவிட்டால் செம்பு, நிக்கல், வெள்ளி, தங்கம் ஆகியவற்றைத் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். நகப்பூச்சு நீக்கியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். மைலார் உறையோ கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியோ போதும்.

ஈயப் படிகளை மரப்பெட்டியில், அதிலும் ஓக் மரப்பெட்டியில் வைக்கவே கூடாது. மரம் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். இரும்புக்குத் துரு, நாகத்துக்கு வெண்பூப்பு. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இந்த இரண்டு உலோகங்களையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகை ஜெல் என்றால் எப்போது ஈரம் குடித்துவிட்டது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை டப்பாவை வெளியிலிருந்தே பாருங்கள். நிறம் மாறியிருந்தால் மட்டும் திறந்து, ஜெல்லை மாற்றி உடனே மூடிவிடுங்கள்.